கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

மகளுக்குப் பென்சில் சீவும்போது பிளேடு நர்ஸின் நகக்கண்ணைக் கீறிவிட்டது. மறுநாள் காலையில் விரல் சிவந்து, ஓரத்தில் சீழ் கட்டி விண்விண்ணென்று தெறித்தது.

குறைமாதக் குழந்தைகள் வார்டில் அந்த நர்ஸுக்குப் ‘பூனை’ என்று பெயர். நடப்பதே காதில் விழாது. அன்று பூனை வாசலிலேயே நின்றுவிட்டாள். கையுறையை மாட்டிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மனம் ஆசை காட்டியது. உள்ளே அவளுடைய ‘பொடிசு’ இருந்தது. உள்ளங்கையில் அடங்கிய நாளிலிருந்து அவள் கைப்பட வளர்ந்த குழந்தை. அன்றுதான் வீட்டுக்குப் போகிறது. ஆனால் சுற்றிலும், பாலைக்கூடக் குழாயில் குடிக்கிற சிசுக்கள். அவற்றுக்கு ஒரு பொட்டுச் சீழ் போதும்.

தலைமை நர்ஸிடம் விரலை நீட்டினாள். ஆள் பற்றாமல் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் காயத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

“உன்னத் திட்டவும் முடியல, ஆள் இல்லாத நேரத்துல உன்ன அனுப்பவும் மனசில்ல. ஆறுற வரைக்கும் உள்ள வராத.”

டாக்டரிடம் காட்டிக் கட்டுப் போட்டுக்கொண்டு விசாரணை மேசையில் உட்கார்ந்தாள். எதிரே வார்டின் கண்ணாடிச் சுவர். மதிய வெயிலில் உள்ளே எல்லாமே தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் இருந்தது. நீல அங்கிகள் மிதந்து மிதந்து போயின. கண் சொக்கியது. தானும் உள்ளே இருந்தாள். பால் வாசனை, ஒரு பட்டாம்பூச்சியின் எடையில் மூச்சு. யாரோ தோளைத் தொட, மீண்டும் வெளியே வந்து விழுந்தாள்.

பொடிசின் தாய், மார்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். பஸ் கண்டக்டர். முதல் வாரம் கை கழுவாமல் உள்ளே நுழையப் பார்த்தவளைப் பூனை திருப்பி அனுப்பியபோது, தான் பயணிகளைக்கூட இப்படி விரட்டியதில்லை என்று முணுமுணுத்தவள்.

“ஒரு தடவ தூக்குங்க சிஸ்டர். உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போகணும்.”

பூனை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “வேணாம்மா. விரல்ல புண்ணு. இன்னும் பிஞ்சு உடம்பு அது.”

தாயின் முகம் வாடியது. பூனை விரல் கட்டை எட்டவே வைத்துக் காட்டியதும் புரிந்துகொண்டு ஓரடி பின்வாங்கி, குழந்தையின் முகம் தெரியும்படி திருப்பிப் பிடித்தாள். நிலைகொள்ளாத அந்தக் கண்கள் பூனையின் முகத்தில் கொஞ்ச நேரம் அலைந்தன. பிறகு பொடிசு வாய் முழுக்கக் கொட்டாவி விட்டது. அது தாயைத் தொற்றியது, பூனையையும் விடவில்லை. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

அவர்களை ஏற்றிக்கொண்டு லிஃப்ட் இறங்கிப்போனது. பூனைக்கு அழவேண்டும் போலவும் இருந்தது, நன்றாகத் தூங்கவேண்டும் போலவும் இருந்தது.