பதினொரு பேட்டிகள்

தர்சனாவின் கட்டுரையைத் திருப்பிக் கொடுக்கும்போது பேராசிரியர் அதன் மீது ஒரு நொடி உள்ளங்கையை வைத்துவிட்டுக் கொடுத்தார். விஷாகா அதைப் பார்த்தாள். அவளுடைய கட்டுரை மேசை மேசையாகக் கைமாறி வந்தது. ஏ மைனஸ்.

1999, வசந்தகாலப் பருவம். நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு வகுப்பு. பாடம், பன்னாட்டு வணிகத்தில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு. ஆசியத் தொழிற்சாலைகளில் சட்டைகள் எப்படித் தைக்கப்படுகின்றன என்று செய்தித்தாள்கள் சில வருடங்களாகத் துருவிக்கொண்டிருந்ததால், மன்ஹாட்டனில் இருந்த ஓர் ஆடை நிறுவனம் அதைக் கவனிக்கத் தனிப் பிரிவு தொடங்கியிருந்தது. அதில் ஒரே ஓர் இடத்துக்கு இந்த வகுப்பிலிருந்து ஆள் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஏப்ரல் கடைசியில் மாணவர்கள் கட்டுரை வாசிக்கும் நாளில், கேரன் என்ற அதிகாரி வந்து உட்கார்ந்து கேட்பார்.

விஷாகாவுக்கு அந்த இடம் வேண்டும். அவள் மாணவர் விசாவில் இருப்பவள். படிப்பு முடிந்து ஒரு வருடம் வேலை பார்க்கலாம். அதற்குள் எச்-1 வேலை விசா போட்டுக் கொடுக்க ஒரு நிறுவனம் அகப்படாவிட்டால் சென்னைக்குத் திரும்ப வேண்டியதுதான். தர்சனாவுக்கு அது எதற்கு? மூன்று வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், அமெரிக்கக் குடிமகள். அப்பா பேரின்பநாதன் இதய மருத்துவர். குளிர்கால விடுமுறையில் அவர் எடுத்துக்கொடுத்த டிக்கெட்டில் திருப்பூருக்கே போய், அந்த மன்ஹாட்டன் நிறுவனத்துக்குத் தைத்து அனுப்பும் ஒரு பனியன் கம்பெனியில் பதினொரு பெண்களைப் பேட்டி கண்டு திரும்பியிருந்தாள். விஷாகாவின் சித்தி ஈரோட்டில் இருக்கிறாள். அங்கிருந்து ஒரு மணி நேர பஸ். ஆனால் ஊருக்குப் போனால் விசா முத்திரை மறுபடி கிடைக்குமா என்ற பயத்தில் அவள் போகவில்லை. நூலகத்தில் பிறர் எழுதியவற்றைப் படித்துத் தன் கட்டுரையை எழுதினாள்.

அன்று தர்சனாதான் அவளைக் காரில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டாள்.

“அக்கா, ஒரு ஹெல்ப். பிரசன்டேஷனுக்கு முன்னால டேப்பெல்லாம் ஒருக்கா கேட்டு, ட்ரான்ஸ்லேஷன் சரியோ எண்டு செக் பண்ணுவீங்களா? அவையள் கதைக்கிறது எனக்குப் பாதி விளங்கேல்ல.”

“பாதி புரியாமலேதான் ஏ பிளஸ்ஸா?”

தர்சனா சிரித்தாள். “கோயம்புத்தூர் காலேஜ் லெக்சரர் ஒரு ஆண்ட்டி என்னோட வந்தவ. அவதான் ட்ரான்ஸ்லேட் பண்ணினது.”

“மேனேஜருங்க யாரும் கூட உக்காரலியா?”

“நோ வே! எல்லாரையும் வெளியில நிக்கச் சொல்லிட்டன். அதுதான் என்ட முதல் கண்டிஷன்.”

அந்த நிபந்தனை தனக்குத் தோன்றியிருக்குமா என்று விஷாகா யோசித்தாள். தோன்றியிருக்காது என்று பட்டது. இறங்கும்போது டேப்புகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியம், அபார்ட்மென்டின் சலவை அறையில் துணி சுழன்றுகொண்டிருக்க, வாக்மேனில் டேப்பைப் போட்டாள். ஒரு பிழையாவது அகப்படாதா என்றுதான் கேட்க ஆரம்பித்தாள். மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. தர்சனாவின் கேள்விகள் நன்றாக இருந்தன. பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்விகள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மூன்றாவது பெண் பேசும்போது விஷாகா டேப்பை நிறுத்தினாள். பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள்.

“எட்டு மணி நேரத்துக்கு மேல வேலை இல்லீங்க சார்.”

கேள்வி கேட்டது பெண். மொழிபெயர்த்ததும் பெண். விரிவுரையாளரை அவர்கள் ‘மேடம்’ என்றே அழைத்தார்கள். ஆனால் வேலை நேரம், கூலி, கழிப்பறை என்று வந்தால் குரல் சற்றுத் திரும்பி ‘சார்’ என்று முடிந்தது. பதினொரு பேரில் ஒன்பது பேர். ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த ஒரு சொல் மட்டும் எங்கும் இல்லை.

மாலையில் தர்சனாவுக்குப் போன் செய்தாள்.

“பேட்டி எடுத்த ரூம்ல வேற யாராவது இருந்தாங்களா?”

“இல்லையே... ஆ, ஒரு எலெக்ட்ரீஷியன். ஃபேன் ரிப்பேர் பண்ண வந்தவர். பாவம், முழு நாளும் ஸ்டூலுக்கு மேல நிண்டவர். ஏன்?”

எலெக்ட்ரீஷியனை அந்தப் பெண்கள் ‘அண்ணா’ என்பார்கள். சார் என்று அழைத்தால் அவர் சூப்பர்வைசர். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

“சும்மாதான் கேட்டேன். ட்ரான்ஸ்லேஷன் எல்லாம் கரெக்டா இருக்கு,” என்றாள் விஷாகா.

“தேங்க்ஸ் அக்கா! நீங்க இல்லாட்டி நான் என்ன செய்வன்.”

வாசிப்பு நாளன்று தர்சனா, அந்தக் கம்பெனியில் விதிமீறல் எதுவும் இல்லை என்று இருபது நிமிடம் பேசினாள். கேரன் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். கைதட்டல் ஓய்ந்ததும் விஷாகா கையைத் தூக்கினாள். அறையில் இருந்த ஆண் யார் என்று கேட்டாள். மின்விசிறி பழுதுபார்க்க வந்தவர் என்று தர்சனா பதில் சொன்னாள். அப்படியானால் ஒன்பது பேர் அவரை ஏன் சார் என்று அழைத்தார்கள் என்று கேட்டு, ஒவ்வொரு பேட்டியிலும் அது எந்த நிமிடத்தில் வருகிறது என்பதைத் தாளைப் பார்த்துப் படித்தாள். கேரன் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பல மாதங்களாக விஷாகா விரும்பிய பார்வை அது. தர்சனா தன் கட்டுரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாளில் கேரன் போனில் கூப்பிட்டார். வேலை அவளுக்குத்தான். எச்-1 பற்றிக் கவலைப்பட வேண்டாம். கூடவே, அந்தத் திருப்பூர் கம்பெனிக்கு அடுத்த சீசனிலிருந்து ஆர்டர் இல்லை என்று முடிவாகிவிட்டதாகவும், அதற்கு அவளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

“அங்கே வேலை செய்கிற பெண்கள்?” என்று விஷாகா கேட்டாள்.

விதியை மீறியவர்களிடம் வாங்காமல் இருப்பதுதான் நம் பொறுப்பு என்றார் கேரன்.

கடைசித் தேர்வு முடிந்து வெளியே வந்தபோது தர்சனா படியில் காத்திருந்தாள்.

“அண்டைக்குப் போன்ல கேக்கேக்கையே உங்களுக்குத் தெரியும், என்னக்கா?”

“தெரியும்.”

“சொல்லியிருந்தா நானே பேப்பரை மாத்தி எழுதியிருப்பன். ஆர்டரை கட் பண்ணாம, திருத்தச் சொல்லிக் கேட்டிருக்கலாம்.” அவள் சத்தம் போடவில்லை. “ஜூன்ல திரும்பப் போறன். கம்பெனிக்கு இல்ல, அந்தப் பிள்ளையள் இருக்கிற ரூமுக்கே. அப்பா கத்துறார். அம்மா ஒரு கிழமையா கதைக்கேல்ல.”

“போய் என்ன பண்ணப்போற?”

“தெரியேல்ல. முதல்ல மன்னிப்புக் கேக்கோணும்.” கார் சாவியைப் பையில் துழாவியவள் நிமிர்ந்தாள். “நீங்களும் வாங்கோவன். அவையள் கதைக்கிறது உங்களுக்குத்தான் விளங்கும்.”

“எச்-1 பெண்டிங்ல இருக்கும். வெளிய போக முடியாது.”

“ஓ, ஓம். மறந்திட்டன்.”

உண்மையிலேயே மறந்திருந்தாள். அதில் கொஞ்சமாவது குத்தல் இருந்திருந்தால் விஷாகாவால் அவளை வெறுத்திருக்க முடியும்.