பதினாலாவது ஸ்லைடு

சுலைகாவுக்கு மராத்தி தெரியும். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

தாராவியில் ஒரு ஹெல்த் போஸ்ட். அதில் தமிழ்ப் பெண்கள் இருபத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். வீடு வீடாகப் போய் யாருக்கு இருமல், யாருக்குக் காய்ச்சல், யார் மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறார்கள் என்று பார்த்து எழுதிக்கொண்டு வருவது அவர்கள் வேலை. இந்தியில் சண்டை போடச் சொன்னால் ஒரு தெருவையே காலி பண்ணிவிடுவார்கள். மராத்தியில் ஒரு பக்கத்தை வாசி என்றால் மட்டும் கண்ணாடியைத் தேடுவார்கள். பயிற்சி வகுப்போ மராத்தியில்தான் நடக்கும். அதனால் பத்தாவது வரை மராத்திப் பள்ளியில் படித்த சுலைகாவை டாக்டர் மேடம் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். மேடம் சொல்லச் சொல்ல அவள் தமிழில் சொல்ல வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, மேடத்தைவிட நன்றாகவே சொல்லுவாள். "சுலைகாக்கா சொன்னா மண்டையில நச்சுன்னு ஏறிரும்" என்பார்கள். இந்த வருஷம் அவளைப் பயிற்சியாளராகவே ஆக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது.

ஜனவரியில் நடந்த வகுப்பு ஒரு புது மாத்திரையைப் பற்றியது. டிபி வந்தவர் வீட்டில் மற்றவர்களுக்கும் வராமல் தடுக்க, வாரம் ஒரு தடவை என்று பன்னிரண்டு வாரம் விழுங்க வேண்டும். பதினாலாவது ஸ்லைடில் மேடம் பத்து நிமிஷம் பேசினார். சிறுநீர் சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம், பயம் வேண்டாம். ஆனால் வாந்தி நிற்காவிட்டால், சோறே இறங்காவிட்டால், கண் மஞ்சளாகத் தெரிந்தால், சிறுநீர் பால் ஊற்றாத சாயா மாதிரி போனால், அந்த நிமிஷமே மாத்திரையை நிறுத்தி ஆளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

சுலைகா திரும்பி இருபத்திரண்டு பேரையும் பார்த்தாள். "மூத்திரம் செவப்பாப் போவும், கொமட்டும். பயப்படாண்டாம்னு சொல்லுங்க. யாரையும் மாத்திரைய நிறுத்த விட்டுறாதிய. நிறுத்தினா அத்தனையும் வீண்" என்றாள். அவ்வளவுதான். மிச்சத்தை முழுங்கிவிட்டாள்.

மறதியா? அதெல்லாம் இல்லை. தெரிந்தேதான் செய்தாள். போன வருஷம் மாட்டுங்கா லேபர் கேம்பில் மட்டும் இதே மாத்திரையைச் சோதனையாகக் கொடுத்துப் பார்த்தபோது எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் 'ஈரல் வெந்துருமாம்' என்று கேம்ப் முழுக்கப் பரவிவிட்டது. பதினாலு வீட்டில் ஒன்பது வீடு கதவைச் சாத்தியது. அந்த ஒன்பதில் ஒரு வீட்டுப் பையனுக்கு ஆறு மாதத்தில் டிபி வந்து, எலும்பும் தோலுமாகப் போனான். அதைப் பார்த்த பிறகு, நம் ஆட்களிடம் நல்லதை மட்டும் சொன்னால் போதும் என்று அவளே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். யார் கொடுத்தார்களோ அவளுக்கு அந்த அதிகாரம்!

வகுப்பு முடிந்ததும் பரீட்சை. தாளும் மராத்தியில். மேடம் போன் பேச வெளியே போனதும், வழக்கம்போல சுலைகா விடையை வாசித்தாள். "எட்டாவதுக்கு மூணாவது கட்டம், போடுங்க போடுங்க." இருபத்திரண்டு பேரும் டிக் போட்டார்கள். எல்லோருக்கும் முழு மார்க், சர்டிஃபிகேட், ஆளுக்கு இரண்டு சமோசா. எட்டாவது கேள்வி என்ன என்று ஒருத்தியும் கேட்கவில்லை. மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும் என்பதுதான் கேள்வி.

பானுமதி வேலைக்குச் சேர்ந்து அப்போது நான்கு மாதம். அவள் பார்க்கிற சந்தில் பேகம் என்று ஒரு பெண். பேகத்தின் புருஷனுக்கு டிபி. மகள் மெஹக், பதினெட்டு வயது, தையல் பட்டறையில் காஜா எடுக்கிறவள், இந்தத் தடுப்பு மாத்திரையை விழுங்கி வந்தாள். ஆறாவது வாரம் வாந்தி. சோறு இறங்கவில்லை என்று பேகம் போன் போட்டாள். பானுமதி ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தடவிக் கொடுத்து, ஏழாவது வாரத்து மாத்திரையையும் விழுங்க வைத்துவிட்டு வந்தாள். நான்காம் நாள் மெஹக்குக்குக் கண் மஞ்சளாகி நினைவு தப்பியது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஈரல் வீங்கிப்போயிருக்கிறது என்றார்கள்.

சுலைகாவுக்குச் சேதி வந்தது. அன்றைக்கே எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பினாள். "மேல இருந்து புது ஆர்டர் வந்திருக்கு. வாந்தி நிக்கலன்னா மாத்திரைய நிறுத்திட்டு உடனே கூட்டிட்டு வாங்க." புது ஆர்டராம்! பொய்யை இன்னொரு பொய்யால் மூடிவிட்டு, நல்ல காரியம் செய்ததுபோல ஒரு பெருமூச்சு வேறு.

விசாரணை வந்தது. மேடம் பானுமதியின் பரீட்சைத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். எட்டாவது கேள்விக்குச் சரியான கட்டத்தில் டிக். "சொல்லிக் கொடுத்தோம், எழுதியும் இருக்கிறாள். அப்புறமும் இப்படி என்றால் இவளை எப்படி வைத்துக்கொள்வது? சுலைகா, அன்றைக்குச் சொன்னோம்தானே?" என்று கேட்டார். சுலைகா தலையை ஆட்டினாள். பானுமதி சனிக்கிழமைக்குள் விளக்கம் எழுதித் தர வேண்டும், அதைப் பார்த்துவிட்டு வேலையைப் பற்றி முடிவு என்றார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பானுமதி ஒரு வெள்ளைத் தாளோடு சுலைகாவின் ஒற்றை அறைக் கோலிக்கு வந்தாள். மெஹக்கை ஆஸ்பத்திரியில் சேர்த்த இந்தப் பதினோரு நாளில் பாதியாக இளைத்திருந்தாள்.

"அக்கா, எனக்குத்தான் மராத்தி எழுத வராதே. நீங்களே எழுதிருங்க, நான் கையெழுத்துப் போடுதேன்."

"என்னன்னு எழுதட்டும்?"

"கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாக, நான்தான் கவனிக்கலன்னு எழுதுங்க. அன்னைக்கு வெள்ளனத் தண்ணி புடிக்க எந்திச்சேன்லா, கண்ணு சொருகிருக்கும். அந்த நேரம் பாத்து நீங்க சொல்லிருப்பிய. பதினோரு நாளா யோசிச்சுப் பாக்கேன், ஒரு வார்த்த ஞாபகம் வரமாட்டேங்கு. தூங்கித் தொலச்சிருக்கேன், சனியன்."

சுலைகா பேனாவை எடுத்தாள். மேடத்தின் பெயரை எழுதினாள், தேதி போட்டாள், 'எனக்கு முறையாகப் பயிற்சி அளிக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதினாள். இன்னும் இரண்டு வரி எழுதினால் முடிந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. கேட்க வந்தவளுக்கே தெரியவில்லை! ஆனால் சுலைகாவுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. பானுமதி முதல் வரிசையில் உட்கார்ந்து, அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். கை அதற்கு மேல் ஓடவில்லை.

"நீ தூங்கலட்டி" என்றாள்.

"என்னக்கா?"

"நீ முழிச்சுக்கிட்டுத்தான் இருந்த. நான் சொல்லல. மேடம் சொன்னாக, நான் சொல்லாம விட்டுட்டேன். தெரிஞ்சேதான்."

பானுமதிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு அழுவாள் என்று சுலைகா நினைத்தாள். அவள் அழவில்லை.

"அந்தப் பிள்ள வாந்தி எடுக்க எடுக்க, முழுங்கு தாயின்னு நான் ஊட்டி விட்டேன்க்கா" என்றாள். "ஆஸ்பத்திரியில அதோட அம்மா என்னத் துப்பாத கொற. நான் கையெடுத்துக் கும்பிட்டு நிக்கேன். நீங்க எம்பக்கத்துல நின்னு, விடுட்டி எல்லாம் சரியாயிரும்னிய. எப்படிக்கா மனசு வந்துச்சு ஒங்களுக்கு?"

சுலைகாவுக்குத் தலை நிமிரவில்லை. வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. "மேடத்துட்ட எம்பேருல எழுதிக் குடுத்துருதேன்" என்றாள்.

"குடுங்க. அது மேடத்துக்கு. பேகம் அக்காட்ட யாரு சொல்லுவா?"

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் சுலைகா தன் பெயரில் எழுதினாள். சொல்லாமல் விட்டது, விடையை வாசித்தது, புது ஆர்டர் என்று புளுகியது, எல்லாவற்றையும் எழுதினாள். மேடம் படித்துவிட்டு முகம் கறுத்தார். "இருபத்திரண்டு சர்டிஃபிகேட்டும் போச்சு. திரும்ப வகுப்பு வைக்கணும். உனக்குப் பயிற்சியாளர் வேலை கிடையாது, இருக்கிற வேலையும் நிற்குமா தெரியாது. திங்கட்கிழமை வரை யோசித்துவிட்டுக் கொடு" என்றார். திங்கட்கிழமை வரை யோசித்தால் தான் கொடுக்கவே மாட்டோம் என்று சுலைகாவுக்குத் தெரியும். தன்னை அவள் நன்றாக அறிந்திருந்தாள். அப்போதே கிளார்க்கிடம் கொடுத்து முத்திரை போட வைத்தாள். பானுமதி மேல் தப்பில்லை என்று மேடம் அதன் ஓரத்திலேயே எழுதினார்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டுக்கு வெளியே பெஞ்சில் பேகம் உட்கார்ந்திருந்தாள். மெஹக் கண் திறந்துவிட்டாள், ஆனால் இன்னும் எதுவும் சொல்வதற்கில்லை என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

"வாங்க லாத்தா, இரிங்க" என்று அக்கா முறை சொல்லி, பேகம் நகர்ந்து இடம் விட்டாள். "நீங்கதான் அவளுவளுக்குப் பாடம் எடுத்தவியளாமே. நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருப்பிய. இந்த ஒருத்திக்கு மட்டும் ஏறல, பாத்தியளா."

சுலைகா உட்காரவில்லை.

"நான் சொல்லிக் குடுக்கல, பேகம். வாந்தி நிக்கலன்னா மாத்திரைய நிறுத்தணும்னு எனக்குத் தெரியும். பானுமதிக்குத் தெரியாது. நான்தான் சொல்லல."

"ஏன்?"

"சொன்னா நீங்கள்லாம் பயந்துபோயி மாத்திரையே வேண்டாம்பியன்னு நெனச்சேன்."

பேகம் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கத்துவாள், செருப்பைக் கழற்றுவாள் என்று சுலைகா காத்திருந்தாள். அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"பயந்திருந்தா எம்புள்ள வீட்டுல இருந்திருப்பாளே, லாத்தா" என்றாள் பேகம்.

பிறகு, சுலைகாவுக்காக விட்ட இடத்தில் தானே நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.