தலைகீழாய்ப் படித்த பலகை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி மேசைக்காரியை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயதில் அவள் செவ்வாய்தோறும் நூலக மாடியில் தர்க்க வகுப்புக்குப் போவது கூடத்துக்கே வேடிக்கை.

"அக்கா வாய்க்குப் படிப்பு வேறயா, நம்ம கதி என்னாகும்?" என்பார் துவைக்கும் டிரம் ஓட்டும் அண்ணன்.

முதல் வாரமே வகுப்பு அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று. மகள் வயது ஆசிரியை எழுதிப்போட்டாள்: எல்லா நாற்காலியும் பாடும், இது நாற்காலி, ஆகவே இது பாடும். வாதம் செல்லும் என்றாள். தினமும் கடவுளிடம் உண்மையைக் காட்டச் சொல்லிக் கும்பிடுகிறவளுக்கு அது பொறுக்கவில்லை.

"பொய்ய ஒழுங்கா அடுக்கவா டீச்சர் ஒரு படிப்பு?"

"வந்த வழி சரியான்னு மட்டும்தாம்மா இது சொல்லும். புறப்பட்ட இடம் உண்மையான்னு நீங்கதான் போய்ப் பாக்கணும்."

அந்தப் பதில் அவளை விடவில்லை. அடுத்த வாரமும் போனாள்.

ஒரு வியாழக்கிழமை அறுவைப் பிரிவின் நாற்பது வெள்ளை விரிப்புகள் வெளிர்சிவப்பாய் வெளியே வந்தன. மேற்பார்வையாளர் சுவர்ப்பலகையைத் தட்டினார். 'வண்ணத்துணி வெள்ளையோடு போனால் சாயம் ஏறும்.'

"சாயம் ஏறியிருக்கு. அப்போ வண்ணத்துணி போயிருக்கு. பிரிக்கிறது யாரு? பூனை."

சத்தமில்லாமல் நடப்பதால் துணி பிரிக்கும் பெண்ணுக்கு அந்தப் பட்டப்பெயர். இரண்டு பிள்ளைகளை ஒற்றை ஆளாய் வளர்க்கிறவள்.

"மூணு தடவ பாத்துத்தான் போட்டேன் சார்," என்றாள்.

அங்கே ஒரு வழக்கம். ஒருத்தரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டுமென்றால், அந்த நேரத்து வேலையாட்கள் எல்லாரும் 'தவறை அறிவோம்' என்று கையெழுத்திட வேண்டும். ஒன்று குறைந்தாலும் தாள் மேலே போகாது. மூன்று பேர் போட்டாயிற்று. சில வருடங்களுக்கு முன் இன்னொருத்திக்கு எதிராக, இதே பலகையைப் பார்த்து, அக்காவும் போட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணின் முகம் இப்போது நினைவுக்கு வந்தது.

"போடுங்க அக்கா."

"எனக்குத் தெரியாதே சார்."

"பலகை கண்ணுக்குத் தெரியலையா?"

"நல்லாத் தெரியுது. வண்ணத்துணி போனா சாயம் ஏறும்னு இருக்கு. சாயம் ஏறினா வண்ணத்துணிதான் போச்சுன்னு இல்ல. காய்ச்சல் வந்தா நீங்க லீவு போடுவீங்க. லீவு போட்ட நாளெல்லாம் உங்களுக்குக் காய்ச்சலா?"

டிரம் அண்ணனுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"அப்போ வேற என்ன காரணம்? சொல்லுங்க பாப்போம்."

"தெரியாது."

"தெரியாதுன்னா போட வேண்டியதுதானே?"

"தெரியாததாலதான் போடல."

"அவ செய்யலன்னு நிரூபிங்க."

"செய்யலன்னு நான் சொல்லல சார். செஞ்சிருக்கலாம். நீங்க இன்னும் காட்டலன்னு சொல்றேன்."

பூனை அடிபட்டதுபோல் நிமிர்ந்து பார்த்தாள். அக்கா மேசைக்கடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வார்த்தையை மட்டும் மாற்றவில்லை.

"நாளையிலருந்து பாய்லர் அறைக்குப் போறீங்களா?"

"போறேன். அங்கயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

டிரம் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அந்தத் தாளக் குடுங்க சார். நான் பாத்தது பலகையத்தான், அவள இல்ல." தான் போட்ட கையெழுத்தை அடித்துவிட்டுத் திரும்பிப் போனார். மேற்பார்வையாளர் தாளை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியேறினார்.

பூனை கேட்டாள்: "நான் செய்யலன்னு நீங்க நம்பவே இல்லையாக்கா?"

"நம்புறேன்டி, முழுசா நம்புறேன். ஆனா என் நம்பிக்கைய வச்சு உன்னக் காப்பாத்துனா, நாளைக்கு அவர் நம்பிக்கைய வச்சு உன்னத் தள்ளுவாரு."

பூனை மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு அது புரியல."

"செவ்வாய்க்கிழமை வா. எனக்கும் பாதிதான் புரியுது."

மறுநாள் காலை அக்கா பாய்லர் அறைக்குப் போனாள். துணி பிரிக்கும் இடத்தில் பூனை நின்றிருந்தாள்.