வெள்ளைச் சட்டையில் ஒரு நத்தை

மீன் தொட்டிக்குச் செடி விற்கிறவன் சட்டமும் படித்திருக்க வேண்டும் என்று கடையைத் திறந்தபோது யாரும் அவனிடம் சொல்லவில்லை. அப்போதெல்லாம் விதி சுலபம். வேரை மண் போகக் கழுவி ஈரக் காகிதத்தில் சுற்றி அனுப்பினால் போதும். வாரம் ஒரு பெட்டி விமானத்தில் வரும், போய்க் கையெழுத்துப் போட்டு எடுத்து வந்துவிடுவான். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் வரவழைத்த செடியில் நத்தை முட்டை ஒட்டிக்கொண்டு வந்தது. அது வாய்க்காலில் போய்ப் பெருகிப் பயிரை மேய ஆரம்பிக்கவும், விதி மாறிவிட்டது. இப்போது முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும், அனுப்புகிற நாட்டிலிருந்து நோயில்லை என்று சான்றிதழ் வேண்டும், வந்து இறங்கிய பிறகும் சோதனைக் கிடங்கில் காத்துக் கிடக்க வேண்டும். கடைசியாக அவன் எடுத்து வந்த பெட்டியைத் திறந்தால் உள்ளே செடியெல்லாம் வேகவைத்த கீரை மாதிரி இருந்தது.

ஆய்வுக்கூடத்தில் மூடிய கப்புக்குள், கூழில் வளர்த்த குட்டிச் செடிக்கு மட்டும் சலுகை உண்டு. ஆனால் அது கட்டைவிரல் உயரம்தான். தன் மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்கும் அறைக்குச் சுவர் நீளத்துக்குத் தொட்டி வைக்கச் சொல்லியிருந்த பல் டாக்டர், கப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது வளர்றதுக்குள்ள எனக்கே பல்செட் வேணும்பா" என்றார். அவருக்கு வேண்டியது கரும்பச்சை இலையோடு கட்டையில் வேர் பிடித்த, வயதான அனூபியாஸ் செடி. "கொண்டு வந்துடறேன் டாக்டர்" என்று இவன் வாயை விட்டான். ஆழம் தெரியாமல் காலை விடுவது அவனுக்குப் பழக்கம்.

அந்தச் சமயம் பார்த்து, ஊரிலிருந்து மாமனார் கடல் தாண்டி மகளைப் பார்க்க வருவதாகச் சொன்னார். அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த மச்சானையே டிக்கெட் இல்லாமல் வந்ததற்காக அபராதம் கட்ட வைத்தவர் என்று குடும்பத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். சாப்பிட உட்கார்ந்தால் ரயில் கதைதான். அதில் ஒன்றை அவன் பலமுறை கேட்டிருக்கிறான். "மாட்டுறவன் மூஞ்சியை நான் பாக்கவே மாட்டேன் மாப்பிள்ளை. பக்கத்துல உக்காந்திருக்கிறவன் மூஞ்சியைத்தான் பாப்பேன். 'உனக்கும் சேத்து எடுத்துட்டேன், பேசாம ஏறு'ன்னு சொன்னவன் அங்கதான் இருப்பான். ஜன்னலுக்கு வெளியே மரத்தை எண்ணிட்டிருப்பான்."

அப்படிப்பட்ட மனிதரிடம்தான் அவன் போனில் சொன்னான். "மாமா, அங்கேர்ந்து எனக்குச் சாமான் அனுப்புற கடைக்காரர் ஒரு பொட்டலம் கொண்டு வந்து குடுப்பார். தொட்டிக்குள்ள வைக்கிற பிளாஸ்டிக் அலங்காரம். உடையற சாமான், பிரிச்சிடாதீங்க."

"அதுக்கென்ன மாப்பிள்ளை, சட்டைக்கு நடுவுல வெச்சிடறேன்" என்றார் அவர்.

அந்தக் கடைக்காரரிடம் அவன் இன்னொன்றும் சொல்லியிருந்தான். வழக்கமாகக் கட்டுமுன் செடியைப் படிகாரத் தண்ணீரில் முக்கியெடுப்பார்கள். ஒட்டியிருக்கும் நத்தை உதிர்ந்துவிடும், ஆனால் இலை சற்று வாடும். பல் டாக்டருக்கு வாடிய இலை ஆகாது. "முக்காம அப்படியே கட்டிடுங்க" என்றான். தொழில் தெரிந்த கிறுக்கன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

விமான நிலையத்தில் அவனும் மனைவியும் காத்திருந்தார்கள். கூட வந்த பயணிகள் எல்லாரும் போய்விட்டார்கள். மாமனாரைக் காணோம். கடைசியில் ஒரு காவலர் வந்து அவன் பெயரைச் சொல்லி உள்ளே கூப்பிட்டார்.

அந்த அறை அவனுக்குப் பழக்கமான அறைதான். அவன் பெட்டிகளைப் பிரிக்கும் அதே எவர்சில்வர் மேசை, அதே பூதக்கண்ணாடி விளக்கு. மேசைமேல் மாமனாரின் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. சலவை செய்து மடித்த வெள்ளைச் சட்டையின் காலரில் மிளகு அளவு நத்தை ஒன்று நிதானமாக ஊர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பிரித்த பொட்டலத்தில் அனூபியாஸ், ஒரு இலைகூட வாடாமல்.

தாவரச் சோதனை அதிகாரி அவனை நன்றாகவே அறிந்தவர். "இவர் உங்க மாமனாராமே. செடி, விதை ஏதாவது இருக்கான்னு கேட்டேன். 'நான் முப்பது வருஷம் சோதனை போட்ட ஆளும்மா, அதெல்லாம் இருக்காது'ன்னார். இது உங்க கடைக்கு வந்ததா?"

ஆமாம் என்றால் அன்றோடு இறக்குமதி உரிமம் போய்விடும். கடையும் போய்விடும். அவன் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாதும்மா. பொண்ணு வீட்டுல வைக்கலாம்னு நான்தான் ஆசைப்பட்டு வாங்கினேன்."

அதிகாரி இவனைப் பார்த்தார். "அப்படியா?"

"ஆமா மேடம். எனக்குத் தெரியாது."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அதிகாரியின் கண் இவனை விட்டு நகரவில்லை. அந்தப் பயத்தில் அவன் மாமனார் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டான். "ஏன் மாமா, ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா? ரூல்ஸெல்லாம் மாறிடுச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா? இந்த வயசுல இது தேவையா?"

மாமனார் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தார். சுவரில் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. அவன் அதைப் படிக்க ஆரம்பித்தான். அவர் அதிகாரியிடம் திரும்பி, "தப்புதாம்மா" என்றார். யாரிடமும் தலை குனியாத அந்த மனிதர் தலை குனிந்ததைப் பார்த்தபோது அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் பிடுங்கிக்கொள்ளவில்லை.

செடியை மஞ்சள் பையில் போட்டு எரிக்க எடுத்துப் போனார்கள். "வயசைப் பாத்து எச்சரிக்கையோட விடறேன். ஆனா உங்க பேர் பதிவாயிடுச்சு. இனிமே எப்ப வந்தாலும் உங்க பெட்டியைத் திறந்து பாத்துட்டுத்தான் விடுவாங்க" என்றார் அதிகாரி மாமனாரிடம்.

காரில் மனைவி தகப்பனைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "ஏம்ப்பா, யாரு கேட்டா செடி? இவர் தொழிலே போயிருக்குமே! ஊரையே சோதனை போட்டவருக்கு இது தெரியாதா?"

"விடும்மா. புத்தி கெட்டுப் போச்சு" என்றார் பின் இருக்கையிலிருந்து.

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சாலையையே பார்த்தான். ஓரத்து மரங்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. தான் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறோம் என்று உறைத்ததும் காது மடல் சுட்டது.

அவர் தங்கியிருந்த நாட்களில் ரயில் கதை ஒன்றுகூட வரவில்லை. சாப்பிட்டார், எழுந்தார். ஒருநாள் தனியாகக் கடைக்கு வந்து தொட்டிகளைச் சுற்றிப் பார்த்தார். அவன் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "மாமா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தான்.

"லைசன்ஸ் பத்திரமா இருக்குல்ல?"

"இருக்கு மாமா."

"என் பொண்ணு சாப்பாடு அதுலதான இருக்கு. அது போதும்." அதற்கு மேல் அவனைப் பேச விடவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

ஊருக்குக் கிளம்பும் நாளன்று, கட்டி முடித்த பெட்டியை அவர் கூடத்துக்கு நடுவில் கொண்டு வந்து வைத்தார். பூட்டைத் திறந்தார். துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறித் தரையில் பரப்பினார். வேட்டி, துண்டு, காலரில் மங்கலாக ஒரு கோடு விழுந்த அந்த வெள்ளைச் சட்டை.

"மாப்பிள்ளை, ஒரு தடவை பாத்துடுங்க."

"என்னப்பா இது கூத்து? இவர் என்ன கஸ்டம்ஸ் ஆபீசரா?" என்று மனைவி சிரித்தாள்.

"இல்லம்மா. நம்ம பெட்டியில என்ன இருக்குன்னு நமக்கே தெரியறதில்ல. அவர் பாத்துட்டா எனக்கு நிம்மதி."

அவர் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். முப்பது வருடம் அடுத்தவர் பையைத் திறக்கச் சொன்ன மனிதருக்குத் தன் பை மேலேயே நம்பிக்கை போய்விட்டிருந்தது. அவன் குனிந்து சட்டையைத் தொட்டான்.

"அந்தச் செடியை நான்தான் அனுப்பச் சொன்னேன்" என்றான் மனைவியிடம். "மாமாவுக்கு அது செடின்னே தெரியாது. பிளாஸ்டிக்னு நான்தான் பொய் சொன்னேன்."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. தகப்பனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தபடி, "டாக்ஸி வந்துடும்மா" என்றார்.

அவள் தரையில் உட்கார்ந்து வெள்ளைச் சட்டையை எடுத்து மடித்தாள். சரியில்லை என்று பிரித்தாள். காலரில் இருந்த கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு மறுபடியும் மடித்தாள். வாசலில் டாக்ஸி வந்து நிற்கும்வரை இருவர் முகத்தையும் அவள் பார்க்கவில்லை.