ஹில்டாவின் கை நரம்பு

1927 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. லண்டன் கேம்பர்வெல்லில் வீடு வீடாக நிலக்கரி போடும் ஸ்டான்லி டாரண்ட், முதுகில் மூட்டையோடு தெருவிலேயே சரிந்து ரத்தமாக வாந்தி எடுத்தான். பல நாளாகக் காட்டாமல் வைத்திருந்த வயிற்றுப் புண். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் மனைவி ஹில்டாவிடம் எதையும் மறைக்கவில்லை.

"யாராவது ரத்தம் குடுத்தாத்தான் பொழைப்பாரு. சொல்லி அனுப்பியிருக்கோம்."

அரை மணிக்குள் யாரோ ஒருவர் சைக்கிளில் வந்தார், ரத்தம் கொடுத்தார், தேநீர் குடித்தார், போய்விட்டார். மாலைக்குள் ஸ்டான்லியின் உதட்டில் நிறம் திரும்பியது.

ஹில்டா நர்ஸை விடவில்லை. "பேரையாவது சொல்லுங்க சிஸ்டர்."

"சொல்லக் கூடாதும்மா. அவருக்கும் உங்க வீட்டுக்காரர் யாருன்னு தெரியாது. இப்படிக் கூப்பிட்டா வர்றதுக்குன்னே ஊர்ல ஒரு பட்டியல் வச்சிருக்காங்க. காசு வாங்க மாட்டாங்க."

சனிக்கிழமை ஒரு கேக் சுட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வந்தாள். அதை வார்டில் இருந்தவர்கள் சாப்பிட்டார்கள். அவளுக்கு மனசு ஆறவில்லை. ஸ்டான்லி எழுந்து நடமாடத் தொடங்கியதும், பட்டியல் வைத்திருக்கும் இடத்தை விசாரித்துப் போனாள்.

அங்கிருந்த டாக்டர் தயங்கினார். "பொம்பளைங்களுக்கு நரம்பு மெல்லிசா இருக்கும்மா. ஊசி போட வராது. அதனால அதிகம் சேர்க்கறதில்ல."

ஹில்டா சட்டைக் கையைச் சுருட்டி மேசைமேல் நீட்டினாள். சலவைக்கூடத்தில் பதினெட்டு வருஷம் படுக்கை விரிப்பு பிழிந்த கை. நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்திருந்தன. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"எனக்கே இப்படி இல்லையே. பேரு சொல்லுங்க."

மே மாதம் ஒரு மத்தியானம், ரத்தம் கொடுக்க அவளைக் கூட்டிவரச் சொல்லி ஆஸ்பத்திரி அனுப்பிய போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டினார்; அவள் வீட்டில் டெலிபோன் கிடையாது. பக்கத்து வீட்டு மிசஸ் கிப்பின்ஸ் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, "என்ன ஹில்டா, கடைசில உன்னையும் பிடிக்க வந்துட்டாங்களா?" என்றாள்.

"ஆமா, ரத்தம் பாக்காம விட மாட்டாங்களாம்" என்று ஹில்டா தொப்பியை மாட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணுக்காம். திரைக்கு அந்தப் பக்கம் அவள். இந்தப் பக்கம் ஹில்டா. கண்ணாடிச் சீசாவில் தன் ரத்தம் நிரம்புவதைப் பார்த்தபோது, இதே போல ஒரு சீசா ஸ்டான்லியின் கட்டிலருகே தொங்கியது நினைவுக்கு வந்து அவள் கண் கலங்கியது.

"வலிக்குதா?" என்றாள் நர்ஸ்.

"இல்ல. நல்லா இருக்கு."

கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டுக் கிளம்பும்போது நர்ஸ் பின்னாலேயே வந்தாள். "பேரு சொல்ல மாட்டேன். தாயும் பொண்ணும் நல்லா இருக்காங்க, அதை மட்டும் சொல்லிடறேன்."

வீட்டில் ஸ்டான்லி உருளைக்கிழங்கைப் பாதி கருக்கி வைத்திருந்தான். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, கருகாததையெல்லாம் அவள் தட்டில் போட்டான்.

"யாருக்காம்?"

"தெரியாது. பொண்ணு பொறந்திருக்கு."

அவன் அவள் கையை எடுத்து, கட்டுப் போட்ட இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தான்.