எபனேசரும் நானும் ஒரே குழு

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஃபங்ஷனல் புரோகிராமிங் பாடம் எடுத்தவர்கள், அந்தப் பாடத்தில் வரும் மதிப்புகளைப் போலவே, மாறக் கூடாது. ஒருவன் முடி வெட்டிக்கொண்டால், வெட்டிய முடியோடு புதிதாக ஒருவன் வருவான். பழையவன் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பான். முதல் வகுப்பிலேயே மங்கையர்க்கரசி மேடம் இதைச் சொல்லிவிட்டார். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

புராஜெக்டுக்கு இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். எனக்கு எபனேசர் கிடைத்தான். சாயர்புரத்துக்காரன். பஸ் நேரம் சொல்லும் நிரல் ஒன்றை நாங்கள் எழுத வேண்டும். அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து பையின் ஜிப்பைத் திறந்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுவரை என் பக்கத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை.

அதற்குள் அவனுக்கு டீ குடிக்க வேண்டும்போல் இருந்தது. டீ குடிக்க ஒரு எபனேசர் எழுந்து வெளியே போனான். குடிக்காதவன் ஜிப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

டீ குடித்தவன் அடுத்த நாள் முடி வெட்டிக்கொண்டான். முடி வெட்டியவன் பிரிசில்லாவைக் காதலித்தான். காதலித்தவன் அவளோடு ஜோடி சேர்ந்து வேறு புராஜெக்டுக்குப் போய்விட்டான். மற்ற எபனேசர்கள் அங்கங்கே தங்கிவிட்டார்கள். அவர்களுக்கு இடம் விட்டு விட்டு வராந்தா நீண்டுகொண்டே போனது.

நான் மட்டும் ஒரே ஒருவனாக இருந்தேன். எனக்கு எதுவும் நடக்கவில்லை. "இசக்கிராஜா மாதிரி இருக்கணும்" என்று மேடம் வகுப்பில் என்னைப் பாராட்டினார்.

வெள்ளிக்கிழமைகளில் வராந்தாவைக் கூட்டும் பாப்பு அக்கா தள்ளுவண்டியோடு வருவாள். அந்த வாரம் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாதவர்களை ஏற்றிக்கொண்டு போவாள். எங்கே என்று கேட்டால், "இடம் வேணும்லா" என்பாள்.

அதனால் ஒவ்வொரு வியாழக்கிழமையும் நாள் முழுவதும் நான் வராந்தாவில் நடந்தேன். ஒவ்வொருவன் முன்னாலும் நின்று, "எபனேசர்" என்றேன்.

"என்னல?"

"ஒண்ணுமில்ல."

கடைசி ஆளிடம் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிடும். புராஜெக்டில் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பாப்பு அக்கா என் முன்னால் வண்டியை நிறுத்தினாள்.

"உன்னைய யாராவது கூப்ட்டாவளா?"

"நான்தான் எல்லாரையும் கூப்பிடுதேன்க்கா."

"அது கணக்குல வராது ராசா."

"இப்ப நீங்க ராசான்னு கூப்ட்டியளே?"

"நான் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுதேன்."

வழியில்லாமல் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தேன். அவன் முதல் எபனேசர். டீயும் குடிக்காதவன், என் பெயரும் கேட்காதவன்.

"எபனேசர், எம் பேரு இசக்கிராஜா. ஒரு தடவ சொல்லேன்."

"ஐசக் ராஜாவா?"

"இல்ல. இசக்கி. எங்க குலசாமி."

அவனுக்குப் புரிந்தது. புரிந்தவன் அவன் இடத்திலிருந்து புதிதாக எழுந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. "ஏல இசக்கிராஜா! இங்கன உக்காந்து என்ன செய்ய? வா, புராஜெக்ட முடிப்போம்" என்று என்னை நோக்கிக் கையை நீட்டினான்.

என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. கண் நிறைந்துவிட்டது. நான் எழுந்தேன்.

எழுந்தவன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் ஏதோ பேசிச் சிரித்தபடி வராந்தாவில் நடந்தார்கள். எழுந்தவனின் முதுகை நான் அதுவரை பார்த்ததில்லை. சட்டை பின்னால் கசங்கியிருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"என்னையத்தானக்கா கூப்ட்டான்?"

"போனாம்லா, அவனத்தான் கூப்ட்டான்" என்றாள் பாப்பு அக்கா. அவள் குரலில் கோபம் இல்லை. வண்டியில் கிடந்த விளக்குமாற்றை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தாள்.

ஏறுவதற்கு முன் பக்கத்தில் இருந்தவனிடம் குனிந்தேன். இன்னும் ஜிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"எபனேசர்."

"என்னல?"

அடுத்த வெள்ளிக்கிழமை வரை அவனுக்கு அது போதும். நான் ஏறிக்கொண்டேன்.