மாப்பிள்ளை வீட்டு ரத்தம்

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா அந்தப் பளபளப்புத் தாள்களைக் கடைசிவரை புரட்டிவிட்டு, "இதுல காதப் பத்தி ஒரு வார்த்தகூட இல்லையேய்யா" என்றார்.

"செவப்பா போட்டிருக்குல்லம்மா."

"அது ஒடம்புக்கு உப்பு ஒத்துக்காம போகலாம்னு போட்டிருக்கு. அதுவும் போகலாம்தான்."

என் தங்கச்சி இருளாயியின் மகன் அழகுபாண்டிக்கு என் மகள் செல்லக்கிளியைக் கொடுப்பதாகப் பேச்சு. இருவருக்கும் மனசுக்குப் பிடித்த பேச்சுதான். ஆனால் இருளாயியின் இளையவள் கனகலட்சுமிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நாளைக்கு என் பேரப்பிள்ளைக்கும் அப்படி ஆகிவிட்டால்? சித்தாள் வேலைக்குப் போன இடத்தில், மதுரை காளவாசல் பக்கம் ஒரு பரிசோதனைக் கடையில் எச்சிலை வைத்தே எல்லாம் சொல்லிவிடுகிறார்கள் என்றார்கள். அழகுபாண்டியைக் கூட்டிப்போனேன். "முழு ஜாதகமும் இதுல வந்துரும்ணே" என்றான் அங்கிருந்தவன். குழாயில் துப்பச் சொன்னபோது, "வெத்தல போட்டுட்டுத் துப்பவா மாமா?" என்று அழகுபாண்டி சிரித்தான். நானும் துப்ப வேண்டுமோ என்று எனக்குத் தோன்றவேயில்லை. பெண் கொடுத்த வீட்டு ரத்தம் வேறு, நம் ரத்தம் வேறு. அதனால்தானே அது முறை. கோளாறு இருந்தால் அந்தப் பக்கம்தான்.

தாள் வந்ததும் நேராகக் கீழக்குயில்குடிக்கு, இருளாயி வீட்டுக்குப் போனேன். பூ வைக்க நாள் பார்க்கச் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். மீசை நரைத்தபிறகு எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். நாலு பேர் முன்னால் வாசிப்பதில் ஒரு மிதப்பு. சிவப்பு வரியில் விரலை வைத்தேன்.

"'அபாயம் அதிகம்'னு போட்டிருக்கு மாப்ள. ஒங்க வகையறா ரத்தத்துலயே கோளாறு. அந்த ஊமைப் பிள்ளையப் பாத்தாலே தெரியுதுல்ல. எம் மகள இங்க கொண்டாந்து தள்ள முடியாது."

இருளாயி புருஷன் விருமாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். "இம்புட்டு நாளு இந்த வீட்டுலதான சோறு தின்னீக மச்சான். அப்பத் தெரியலயாக்கும்" என்றவர் வெளியே போய்விட்டார்.

செல்லக்கிளி ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு, "பெரியாஸ்பத்திரியில அந்தத் தாள ஒரு தடவ காட்டிட்டு வந்து அப்பறம் இந்தக் கல்யாணம் வேணாம்னு சொல்லுப்பா" என்றாள்.

டாக்டரம்மா தாளை மடித்து என் பக்கம் தள்ளினார். "மொதல்ல காது கேக்காத பிள்ளைக்குத்தான் பாக்கணும். பல வீட்டுல அப்பாகிட்ட ஒரு பங்கு, அம்மாகிட்ட ஒரு பங்குன்னு சேந்தாத்தான் இது வரும். குடுக்கிறவங்களுக்கு ஒண்ணும் இருக்காது. பிள்ளையோட அம்மா ஒங்களுக்கு என்ன வேணும்?"

"கூடப் பொறந்தவ."

"அப்ப ஒங்ககிட்டயும் இருக்கலாம். ஒங்க மககிட்டயும் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். எல்லாரையும் கூட்டிட்டு வாங்க, பாப்போம்."

எழுந்திருக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். இருளாயியும் நானும் ஒரே வயிறு. கட்டிக்கொடுத்த அன்றே அவள் ரத்தமும் மாறிப்போய்விட்டதாக இத்தனை வருசம் நினைத்திருக்கிறேன். பின்னால் வரிசையில் நின்றவர் தோளைத் தொட்டார். "அண்ணே, ஒங்களுக்கு முடிஞ்சிருச்சுல்ல?"

கீழக்குயில்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். வாசலில் என்னைக் கண்ட இருளாயி, வா என்று சொல்லாமல் உள்ளே திரும்பினாள். கனகலட்சுமி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உதட்டசைவை வைத்தே பேச்சைப் பிடித்துவிடுகிறவள் அவள். அன்றைக்கு எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். நான் தாளை வாசித்துக்கொண்டிருந்தபோது அது என் நினைப்பில் இல்லை.

பிழிந்த சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிட்டே வந்தாள். சேலையிலிருந்து தண்ணீர் அவள் காலடியில் சொட்டியது. கண்ணைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.